முன்வரிசை ஆழ்வார்களுக்கு: ஸ்ரீவில்லிபுத்தூர் அரையர் சேவையை ரசிப்பது எப்படி?

டிசம்பரில் சென்னை சபாக்களுக்கு டிக்கெட் எடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. எந்த வரிசை, எந்த ஓரம், கேன்டீனில் கூட்டம் எப்போது குறையும் என்று எல்லாம் பார்த்துத்தான் கிளம்புவார்கள். அதே பருவத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலில், ஆழ்வார் பாசுரங்களைப் பாடி அபிநயிக்கும் அரையர் சேவைக்கு அந்தக் கணக்கு செல்லாது. இங்கே மேடை கிடையாது, இருக்கை எண் கிடையாது. முன்வரிசை ஆழ்வார்களுக்கு! பெருமாளும் ஆண்டாளும் ரெங்கமன்னாரும் ஆழ்வார்களும் எழுந்தருளியிருக்க, அரையர் அவர்களைப் பார்த்துத்தான் பாடுகிறார். வந்திருக்கும் மனிதர்கள் பக்கத்தில் ஒதுங்கி நின்று கேட்டுக்கொள்ளலாம்.

இதை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பரதநாட்டியக் கச்சேரி போல ஏதோ இருக்கும் என்று நினைத்து வருபவர்கள் கால் மணி நேரத்தில் நெளியத் தொடங்குகிறார்கள். சலங்கை இல்லை, ஜதி இல்லை, மிருதங்கமும் இல்லை. தலையில் கூம்பு வடிவக் குல்லாய், கழுத்தில் பெருமாளின் மாலை, இரு கைகளிலும் தாளம். அவ்வளவுதான் அரையரின் ஒப்பனை. உட்கார இடம் தேடும்போது அவருக்கு நேர்பின்னால் போகாதீர்கள், குல்லாயின் பின்புறம்தான் தெரியும். பக்கவாட்டில், தூணோரமாக, அவருடைய முகமும் கைகளும் தெரிகிற இடமே நல்ல இடம். பிரபந்தம் ஓதும் கோஷ்டியாருக்கும் தீர்த்தம் கொண்டுவருபவர்களுக்கும் உரிய நடுவழியை மட்டும் மறித்துவிடக் கூடாது.

பத்தாம் நூற்றாண்டையொட்டி வாழ்ந்த நாதமுனிகள், ஆழ்வார்களின் பாசுரங்களான திவ்யப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்து, இசையமைத்து, கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் என்ற தம் மருமக்கள் இருவருக்கும் கற்பித்தார் என்பது வைணவ மரபு. அந்த வழியில் வந்த சேவை இன்று தொடர்வது ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர், கர்நாடகத்தின் மேல்கோட்டை ஆகிய நான்கு ஊர்களில்தான். தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்துக்குள் கைமாறி வருவதால் பயிற்சிப் பள்ளியோ சுற்றுப்பயணமோ இதற்கு இல்லை. பார்க்க வேண்டுமென்றால் ஊருக்கு வந்தே ஆக வேண்டும்.

நிகழ்ச்சியின் போக்கு தெரிந்தால் ரசிப்பது எளிது. முதலில் கொண்டாட்டம்: பெருமாளின் விருதுப்பெயர்களை அரையர் அடுக்கிச் சொல்லி அழைப்பார். பிறகு பாசுரத்தைத் தாளமிட்டு இசைப்பார். அடுத்து அதே பாசுரத்துக்குக் கையாலும் முகத்தாலும் அபிநயம். அதன்பின் தம்பிரான்படி என்னும் வியாக்கியானம், மணிப்பிரவாள நடையில். ஒரே பாசுரம் காதுக்கும் கண்ணுக்கும் புத்திக்கும் தனித்தனியாக வந்து சேர்கிறது. வியாக்கியானம் புரியவில்லையே என்று எழுந்து போகிறவர்கள் பலர். அன்றைய பாசுரங்களை முந்தின இரவு ஒருமுறை படித்துவிட்டு வந்தால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். கையில் பிரபந்தப் புத்தகம் இருந்தால் இன்னும் வசதி. அதற்காகக் கைபேசியை எடுத்தால் பக்கத்திலிருப்பவர் முறைப்பார், அதில் நியாயமும் உண்டு.

புதிதாக வருபவர்கள் முத்துக்குறி நடக்கும் நாளை விசாரித்து வருவது நல்லது. பெருமாள்மேல் காதல்கொண்டு வாடும் மகள், தவிக்கும் தாய், முத்துகளை வைத்துக் குறி சொல்லும் கட்டுவிச்சி என்று மூவராகவும் அரையர் ஒருவரே மாறுவார். வேஷம் மாறாது, குரலும் பார்வையும் கையசைவும்தான் மாறும். ஒப்பனையை நம்பும் நாடகங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது நல்ல வைத்தியம்.

பாட்டு நிற்கிற இடைவெளிகளில் அண்ணாந்து பார்க்கலாம். வடபத்ரசாயி சந்நிதியின் முன்மண்டபமான கோபால விலாசத்தின் விதானத்தில் புராணக் காட்சிகளும் தசாவதாரமும் தேக்கு மரத்தில் செதுக்கப்பட்டிருக்கின்றன. 11 நிலை ராஜகோபுரத்தை வெளியே நின்று படம் எடுப்பவர்களில் எத்தனை பேர் இந்த மரவேலைக்குத் தலை தூக்குகிறார்களோ!

இனி நாள் பார்க்கிற வேலை. வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய பத்து நாள் பகல்பத்து, ஏகாதசியிலிருந்து பத்து நாள் இராப்பத்து. ஆங்கில நாட்காட்டியை நம்பினால் ஏமாற வேண்டியதுதான். 2023 டிசம்பர் 23க்குப் பிறகு அடுத்த வைகுண்ட ஏகாதசி 2025 ஜனவரி 10 அன்றுதான் வந்தது; 2024இல் ஒன்றுகூட இல்லை. அதை ஈடுகட்டுவதுபோல் 2025 டிசம்பர் 30 அன்று இன்னொன்று. ஸ்ரீரங்கத்துத் தேதியை வைத்தும் டிக்கெட் எடுக்கக் கூடாது. அங்கே வைகுண்ட ஏகாதசிக்கான பரமபத வாசல் 2021 டிசம்பர் 14 அன்று திறந்தது; வேறு பல கோயில்களில் 2022 ஜனவரி 13 அன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலின் உற்சவப் பத்திரிகையைப் பார்த்த பிறகே பயணத்தை முடிவுசெய்ய வேண்டும். நடுப்பகலில் நடை சாத்தும் நேரத்தையும் அப்படியே கேட்டுக்கொள்ளலாம்.

ஒரே ஒரு நாள்தான் முடியும் என்பவர்களுக்குப் பகல்பத்தின் முதல் நாள். பிரபந்தம் தொடங்குவது திருப்பல்லாண்டில். அதைப் பாடிய பெரியாழ்வாரின் சொந்த ஊரிலேயே அதைக் கேட்பது தனி அனுபவம். அன்றைக்குத்தான் பச்சைப் பரப்புதலும். பெரியாழ்வார் வம்சத்தாரின் திருமாளிகைக்கு ஆண்டாள் பிறந்த வீட்டுப் பெண்ணாக வர, காய்கறிகளைக் குவியலாகப் பரப்பி வரவேற்கிறார்கள். முருங்கையும் பூசணியும் கத்தரியும் கரும்பும் சீராக மாறும் அந்தக் காட்சிக்குக் கூட்டம் நெருக்கும், முன்கூட்டியே போய்விட வேண்டும்.

மார்கழிக் கடைசியில் வருபவர்களுக்குத் திருமுக்குளக்கரை மண்டபத்தில் எட்டு நாள் எண்ணெய்க்காப்பு உற்சவம் இருக்கிறது. மூலிகைகள் சேர்த்துக் காய்ச்சிய தைலம் ஆண்டாளுக்குச் சாத்தப்படும்.

கையோடு ஒரு சால்வை வேண்டும், மார்கழிக் காலையில் கல்தரை சில்லென்றிருக்கும். பால்கோவா வாங்குவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு ஓடிவிடாது. சென்னையிலிருந்து வருபவர்களுக்குச் செங்கோட்டை போகும் பொதிகை எக்ஸ்பிரஸ் ஊரிலேயே நிற்கிறது. பகல்பத்தைப் பார்த்தவர்கள் அதிலேயே அன்றிரவு திரும்பிவிடலாம். இராப்பத்துக்கு வருபவர்கள் அந்த எண்ணத்தை விட்டுவிட்டு, கோயிலருகிலோ பக்கத்து ராஜபாளையத்திலோ ஓர் அறையை முன்பதிவு செய்துவிடுவதே மேல். இராப்பத்தில் பாடப்படும் திருவாய்மொழியின் 1,102 பாசுரங்கள் பத்து இரவுகளுக்குப் பிரிகின்றன. இரவுக்குச் சுமார் நூற்றுப்பத்துப் பாசுரம் என்றால், கோஷ்டி முடிவதற்குள் பொதிகை எப்போதோ போயிருக்கும்.