குடலைத் திருத்தினால் இனிப்பு நீர் குறையுமா?

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் மருந்தகத்துக்குப் போனால் புரோபயோடிக் மாத்திரைகள் கண்ணில் படாமல் இருக்காது. குடல் பாக்டீரியாவைச் சரிசெய்தால் இனிப்பு நீர் அடங்கும் என்ற பேச்சும் கூடவே வருகிறது. இதற்குச் சான்று எவ்வளவு?

கொஞ்சம் இருக்கிறது. 2012இல் 345 சீனர்களிடம் நடந்த ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களின் குடலில் பியூட்டிரேட் தரும் பாக்டீரியாக்கள் குறைந்திருந்தன. நார்ச்சத்தை நொதிக்கவைத்து அவை உண்டாக்கும் இந்த அமிலம் குடல் சுவரைக் காப்பது. ஆனால் 2015இல் டென்மார்க், சுவீடன், சீனத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நோயின் அடையாளம் என்று நினைத்ததில் பெரும்பங்கு மெட்ஃபார்மினின் வேலை என்று தெரிந்தது. நம் அரசாங்க கிளினிக்கில் முதலில் எழுதித் தரும் அதே மாத்திரைதான். மருந்தே தொடாதவர்களிடமும் பியூட்டிரேட் குறைவு மட்டும் தெரிந்தது. மிஞ்சிய சான்று அதுதான்.

அது காரணமா, விளைவா? ஆம்ஸ்டர்டாமில் ஒல்லியானவர்களின் மலத்திலிருந்த நுண்ணுயிர்களைப் பருமனான ஆண்களின் குடலில் செலுத்தினார்கள். 6 வாரத்தில் இன்சுலின் நன்றாக வேலை செய்தது. பிந்தைய ஆய்வில் 18 வாரத்தில் அந்தப் பலன் காணாமல் போனது. காரணத்தில் பங்கு உண்டு, ஆனால் பலன் நிலைப்பதில்லை.

இங்கே வருவோம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4. சன்வே மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜொகூர் செகாமட்டில் மலாய், சீன, இந்திய, ஜக்குன் மக்களிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே ஊரில் வாழ்ந்தாலும் இனத்துக்கு இனம் குடல் நுண்ணுயிர்கள் வேறுபடுவதைக் காட்டியது. இரண்டையும் முடிச்சுப் போட்டு, "நம் குடலே அப்படி" என்று சொல்ல ஆசை வரும். அந்த முடிச்சு நிற்காது. சமையலும் இனத்தோடு சேர்ந்தே மாறுகிறது. ஒரு முறை எடுத்த மாதிரியை வைத்து எது முந்தியது என்று சொல்ல வழியில்லை.

தேறி நிற்பது உணவுதான். 2018இல் சீனாவில் 43 நோயாளிகளிடம் நார்ச்சத்து மிகுந்த உணவு, வழக்கமான உணவைவிட இரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக இறக்கியது. பியூட்டிரேட் தரும் பாக்டீரியாக்களும் பெருகின. சிறிய ஆய்வு, இரு குழுவுமே சர்க்கரையைக் குறைக்கும் அகார்போஸ் மாத்திரை எடுத்தது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

என் தீர்ப்பு: குடல் பாக்டீரியா துணைக் குற்றவாளி, முதல் எதிரி அல்ல. புரோபயோடிக் புட்டி வாங்கும் காசை மிச்சம் பிடியுங்கள். வாழையிலையில் சோறு மலையாகவும் காய் ஓரமாகவும் விழுகிறதே, அந்த அளவைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.