செம்பாறை நாட்டை ரசிக்கும் வகை

வசந்த விடுமுறை பிறந்ததும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு புளோரிடாக் கடற்கரைக்கு ஓடுகிற அமெரிக்கக் குடும்பத்தார், யூட்டா மாநிலத்தின் தென்பகுதியில் விரிந்து கிடக்கும் செம்பாறைப் பாலைவனத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும், ‘அங்கே கல்லைத் தவிர என்ன இருக்கிறது?’ என்று பரிகாசம் செய்யும்போது எனக்கு உண்டாகும் எரிச்சலை அடக்கிக்கொண்டே இதை எழுதுகிறேன்.

ஆரம்பப் பாடங்களை விரைவில் முடித்துவிடலாம். மார்ச், ஏப்ரலில் பகல் இதமாக இருக்கும். இரவில் நீர் உறையவும் கூடும். கம்பளியும் வேண்டும், குடிநீரும் தாராளமாக வேண்டும். மணல்மீது கறுத்து மொறுமொறுத்துக் கிடப்பது நுண்ணுயிர்கள் கட்டிய தோல், அதை மிதிக்கலாகாது. பாறையின் சிவப்பு, மணல் துகள்களின்மேல் படிந்த இரும்புத் துருவின் வர்ணம். இவ்வளவு போதும்.

இனி முக்கியமான விஷயம். கல்வளைவு வேறு, கற்பாலம் வேறு. மோவாப் ஊருக்கருகே ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் இருக்கும் 2,000-க்கு மேற்பட்ட வளைவுகள் ஆறு குடைந்தவை அல்ல. பூமிக்கடியிலுள்ள உப்புப் படுகை அசைந்து மேலிருந்த மணற்கல்லை வரிவரியாகப் பிளக்க, பிளவுகள் அகன்று பாறை மெல்லிய சுவர்களாக நிற்க, மழைநீர் துகள்களைப் பிணைத்திருந்த சுண்ணத்தைக் கரைத்தும், குளிரில் உறைந்து விரிந்தும் அச்சுவர்களைத் துளைத்த துளைகள் அவை. அந்த வேலை இன்னும் நடக்கிறது: 1991-இல் லாண்ட்ஸ்கேப் ஆர்ச்சிலிருந்து பெரும் பாளம் பெயர்ந்து விழுந்தது, 2008-இல் வால் ஆர்ச் அடியோடு சரிந்தது. பாலமோ ஓடும் நீரின் சிருஷ்டி. நெளிந்து செல்லும் ஓடை, ஒரே பாறைச் சுவரை இரு புறமும் மோதி அரித்து, கடைசியில் அதைத் துளைத்துக்கொண்டு நேரே பாய்ந்துவிடுகிறது. தலைக்குமேல் மிஞ்சியது பாலம். வளைவைப் பார்ப்பவர் உச்சியை அண்ணாந்து பார்க்கட்டும். பாலத்தைப் பார்ப்பவர் முதலில் காலடியைப் பார்க்க வேண்டும்.

இந்தப் பேதம் தெரியாமல், ‘வேற்றுக் கிரகம் போல’ என்று எழுதிவிட்டு நகரும் பிரயாண எழுத்தாளர்களை நான் மதிப்பதில்லை. யூட்டா கார்களின் நம்பர் பலகையில் அச்சான டெலிகேட் ஆர்ச்சுக்கு அந்தி வேளையில் ஏறி, வரிசையில் நின்று, அதன் கீழே படம் எடுத்துக்கொண்டு உடனே இறங்குவது ரசனை அன்று, வருகைப் பதிவு.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: எனக்குப் பிரியமான இடம், அதே தென் யூட்டாவில் கூட்டம் குறைந்த நாச்சுரல் பிரிட்ஜஸ். 1908-இல் பாதுகாக்கப்பட்ட அந்த இடத்தின் பாறை பெரும்பாலும் வெளிறியே இருக்கும். சிவப்புக்கு மட்டும் வருகிறவர்கள் ஏமாறட்டும். சிப்பாப்பூ, கச்சினா, ஒவாச்சமோ என்று மூன்று பாலங்கள். கச்சினா தடித்தது, இன்னும் செதுக்கப்பட்டுக்கொண்டிருப்பது. ஒவாச்சமோவின் நடுப்பகுதி ஏறக்குறைய மூன்று மீட்டர் கனந்தான். அதன் கீழே நின்று என் மகள், ‘ஆறு எங்கே அப்பா?’ என்று கேட்டாள். அதைக் கட்டிய நீர் எப்போதோ வேறு வழி பார்த்துக்கொண்டு போய்விட்டது. பாறையை அவள் விரலால் தேய்த்தபோது மணல் உதிர்ந்து நகக்கண்ணில் ஒட்டியது.

மூன்றையும் மேலிருந்து காண 14 கிலோமீட்டர் சுற்றுப்பாதை உண்டு. ஒவாச்சமோவின் அடிக்குச் சிறுவர்களும் இறங்கலாம். மோவாபுக்கு ஒதுக்கிய நாட்களில் ஒன்றைக் குறைத்து இங்கே கொடுங்கள்.