வாங்காமல் இருக்கலாம், ஆயத்தமாகாமல் இருக்கக் கூடாது

குழந்தை பிறப்பதற்கு முன் அதற்கென்று எதையும் வாங்கி வைக்கக் கூடாது என்பது நம் குடும்பங்கள் பலவற்றில் எழுதாத சட்டம். கைப்பேசியைத் தட்டினால் மறுநாள் தொட்டில் வாசலுக்கு வந்துவிடும் இந்தக் காலத்திலும் தாம்பரத்தை ஒட்டிய ராஜகீழ்ப்பாக்கத்து அடுக்ககங்களில் அந்தச் சட்டம் செல்லுபடியாகிறது. சட்டை, குல்லாய், தொட்டில் எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் ‘முதல்ல நல்லபடியா பிறக்கட்டும்’ என்று பெரியவர்கள் முடித்துவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய பை மட்டும் ஒன்பதாம் மாதத்தில் அரைமனதாகத் தயாராகும். அதிலும் குழந்தைக்கு எடுத்து வைப்பது பழைய வேட்டியும் பழைய காட்டன் புடவையும்தான்.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1971இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு 129 பேர் ஒரு வயது நிறைவதற்குள் இறந்தார்கள். இன்று பேரக்குழந்தைக்காகக் காத்திருக்கும் பாட்டிகளில் பலர் அந்தக் காலத்தில் பிறந்தவர்கள். தங்கள் வீட்டிலேயே தம்பியையோ தங்கையையோ அப்படிப் பறிகொடுத்தவர்கள். ஆசையாக வாங்கி மாட்டிய தொட்டிலை வெறுங்கையோடு வீடு திரும்பும் பெண் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதை அவர்கள் கண்ணால் கண்டு அறிந்திருந்தார்கள். யூதக் குடும்பங்கள் பலவற்றிலும் இதே விலக்கு உண்டு. சாவு அடிக்கடி வந்துபோன வீடுகள் தாயின் மனத்தைக் காக்கக் கண்டுபிடித்த வழி இது. 2020ஆம் ஆண்டுக் கணக்கில் அந்த விகிதம் இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. அச்சத்தின் காரணம் பெருமளவு குறைந்திருக்கிறது, முற்றிலும் போய்விடவில்லை. வழக்கத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. முதல் மூன்று மாதத்துக்குள் சின்னதாகிவிடும் சட்டைகளையும், குழந்தை திரும்பிக்கூடப் பார்க்காத சாமான்களையும் வாங்கிக் குவிக்காதபடி அது கையைப் பிடித்து நிறுத்துகிறது.

அப்படியென்றால் குறை எங்கே? இந்த விலக்கு தனியாக நின்ற ஒன்றில்லை. ‘எதையும் வாங்காதே’ என்று சொன்ன அதே சமூகம், ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு நடத்திப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பி வைத்தது. அந்த வீட்டில் எதையும் புதிதாக வாங்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அக்கா குழந்தை கிடந்த தொட்டில் பரணில் இருந்தது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட புடவைகள் பெட்டியில் இருந்தன. காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் கால்மேல் போட்டுத் தண்ணீர் ஊற்றத் தெரிந்த ஒரு பாட்டி இருந்தார். இரவில் குழந்தை அழுதால் எழுந்துகொள்ள நாலு பேர் இருந்தார்கள். அந்த வீடு எப்போதும் ஆயத்தமாக இருந்ததால்தான் விலக்கு யாருக்கும் சுமையாகவில்லை.

தாம்பரத்துக்குத் தெற்கும் கிழக்குமாக வளர்ந்த புறநகர்களில் இந்தப் பின்னணி கண்ணெதிரே மாறிக்கொண்டிருக்கிறது. இங்கே குடியேறியவர்களில் கணிசமானோர் தென்மாவட்டத்துக்காரர்கள். மூன்றாம் மாதத்திலிருந்து பார்க்கும் டாக்டர் இங்கே, ஸ்கேன் இங்கே, கணவனின் வேலை இங்கே. அதனால் மகள் ஊருக்குப் போகாமல், பிரசவத் தேதிக்குச் சில நாள் முன்னால் அம்மா தாம்பரம் ஸ்டேஷனில் வந்து இறங்குவது கூடிவருகிறது. வழக்கத்தின் திசை திரும்பிவிட்டது. ஆனால் விலக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. பரண் இல்லை, பழம்புடவைப் பெட்டி இல்லை, நாலு பேர் இல்லை. இரண்டு படுக்கையறைகளும், அடுப்பங்கரையில் எந்த டப்பா எங்கே இருக்கிறதென்று தெரியாத ஒரு அம்மாவும், லீவு எத்தனை நாள் கிடைக்கும் என்று தெரியாத ஒரு கணவனும்தான் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட வீட்டில் விலக்கைக் கடைப்பிடித்தால், குழந்தை பிறந்த மூன்று நாளைக்குள் எல்லாவற்றையும் கடைகளில் தேடி வாங்க வேண்டியிருக்கும். பதற்றத்தில் வாங்குவதில் நல்லது எது, வேண்டாதது எது என்று யாரும் பார்ப்பதில்லை. முதலில் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் பால்பவுடர் டின்னும் பால் பாட்டிலும்தான். முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால் கொஞ்சமாகத்தான் சுரக்கும், பச்சைக் குழந்தைக்கு அதுவே போதும் என்பதை அந்த வீட்டில் யாரும் முன்கூட்டிப் பேசி வைத்திருக்க மாட்டார்கள். பால்பவுடருக்கும் பால் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992லேயே இந்தியாவில் சட்டம் வந்துவிட்டது. விளம்பரம் இல்லாமலேயே அந்த டின்னை விற்றுக்கொடுப்பது நம் ஆயத்தமின்மை.

பழைய முறையை விட்டுவிட்டுப் பட்டியல் போட்டு வாங்கும் புதுமுறைக்கு வந்தவர்கள் தப்பித்துவிட்டார்களா என்றால், இல்லை. அவர்களிடம் சாமான் இருக்கிறது, யோசனை இல்லை. குட்டி மெத்தை, தலையணை, பக்கத் தலையணை எல்லாம் சேர்ந்து ‘செட்’டாக வருகிறது. பச்சைக் குழந்தைக்குத் தலையணையே கூடாது. தட்டையான, அமுங்காத படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். அமெரிக்காவில் 1994இல் மல்லாக்கப் படுக்க வைப்பதை வலியுறுத்தி ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் தூக்கத்திலேயே நேரும் திடீர் சிசு மரணங்கள் அங்கே ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. நம் தூளிக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். தூளிக்குள் குழந்தை வளைந்து கிடக்கும், மோவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சு அடைபடும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஆட்டிக்கொண்டிருந்த காலத்தில் அது பாதுகாப்பாக இருந்தது. ராத்திரி முழுக்கக் குழந்தையைத் தூளியில் விட்டுவிட்டு எல்லோரும் தூங்குவது வேறு விஷயம்.

இரண்டு முறைகளிலும் ஒரே ஓட்டைதான்: தாய் விடுபட்டுப் போகிறாள். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் இது 60 சதவீதத்தையும் தாண்டிவிட்டது. வயிற்றில் தையலோடு வீட்டுக்கு வரும் பெண் குனிய முடியாது, பக்கெட் தூக்க முடியாது, தரையில் விரித்த பாயிலிருந்து எழ முடியாது. வீட்டை ஒழுங்கு செய்வது என்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கட்டில் எந்த உயரத்தில் இருக்கிறது, கழிவறையில் பிடித்து எழுந்திருக்க ஏதாவது இருக்கிறதா, ராத்திரி எழுந்தால் கையெட்டும் இடத்தில் தண்ணீரும் மாற்றுத் துணியும் இருக்கிறதா, ராத்திரி இரண்டு மணிக்கு யார் எழுந்திருப்பது என்பதையெல்லாம் பிரசவத்துக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். காசு செலவாகாத இந்த ஆயத்தங்களைச் செய்யவிடாமல் எந்த விலக்கும் தடுக்கவில்லை.

பழைய முறை தாயை மறந்துவிடவில்லை என்பார்கள். உண்மைதான், தனி அறை கொடுத்தது. தீட்டு என்று பெயர் வைத்தாலும் கூட்டத்திலிருந்தும் அடுப்பிலிருந்தும் அவளை விலக்கி நாற்பது நாள் படுக்க வைத்தது. பிரசவித்த உடம்புக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. ஆனால் அதே அறைக்குள் பத்தியமும் வந்தது. அது கூடாது, இது குளிர்ச்சி என்று காய்கறியையும் பழத்தையும் விலக்கி, பால் கொடுப்பவளுக்குத் தண்ணீரையே அளந்து கொடுத்த வீடுகள் உண்டு. தாகமெடுத்த போதெல்லாம் குடிக்க வேண்டியவள் அவள்தான். ஓய்வை வைத்துக்கொண்டு பட்டினியை விட்டுவிட நமக்கு முழு உரிமை இருக்கிறது. நடைமுறையில் பல வீடுகளில் தலைகீழாக நடக்கிறது: ஓய்வு போய்விட்டது, பத்தியம் தங்கிவிட்டது.

அதிகம் பேசப்படாத ஓர் ஆபத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பழந்துணி நல்லது, மென்மையானது, வியர்வையை உறிஞ்சும், சாயம் போய் முடிந்தது. ஆனால் அது எங்கே இருந்தது? பெரும்பாலும் பீரோவுக்குள், அந்துருண்டையோடு. பாச்சை உருண்டை என்று நாம் வாங்கும் பல உருண்டைகளில் இருப்பது நாப்தலீன். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த வாசனையும் துணி வழியாக ஏறும் நஞ்சும் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். மஞ்சள் காமாலை ஏறி, மூளையைப் பாதிக்கும் அளவுக்கும் போகலாம். நாம் ஆசையாகத் தேய்க்கும் எண்ணெய், அந்த நஞ்சு தோல் வழியே உள்ளே போவதை அதிகப்படுத்தும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருக்கிறது என்பது பிறக்கும் முன் தெரியாது. ஆகவே குழந்தையைச் சுற்றப்போகும் துணிகளை அந்துருண்டை பக்கமே வைக்காதீர்கள். ஏற்கெனவே வைத்திருந்தால் வேறு துணி தேடுங்கள். குழந்தை இருக்கும் அறையின் பீரோவிலிருந்தும் அவற்றை எடுத்துவிடுங்கள். எட்டாம் மாதத்திலேயே துணியைத் துவைத்து நல்ல வெயிலில் காயவைத்து எடுத்து வைப்பது வாங்குவதாகாது. எந்தப் பெரியவரும் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

வெயில் என்றதும் மழை நினைவுக்கு வருகிறது. ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று ஏரிகளை ஒட்டி வளர்ந்த பகுதி இது; இங்குள்ள வெள்ளம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கி வடிய வேண்டும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தாம்பரம் வட்டாரம் பட்ட பாட்டை இங்கிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் தேதி குறித்திருந்தால் தயாரிப்பே வேறு. தெருவில் தண்ணீர் நின்றால் எந்த வழியாக ஆஸ்பத்திரிக்குப் போவது, மேடான இடத்தில் எந்த உறவினர் வீடு இருக்கிறது, கரண்ட் இல்லாத இரண்டு நாளைக்குக் கேன் தண்ணீர் எத்தனை, துணி எங்கே காயும், கொசுவலையில் கிழிசல் இருக்கிறதா? பெருநகர்ப் பட்டியல்கள் எதிலும் இந்தக் கேள்விகள் வருவதில்லை, அவை வேறு ஊருக்காக எழுதப்பட்டவை. கொசுவத்தியும் சாம்பிராணிப் புகையும் வலைக்கு மாற்று ஆகா. பிஞ்சு நுரையீரலுக்குப் புகை எதுவும் நல்லதில்லை.

அரசுகள் இந்த விஷயத்தை எப்படிக் கையாண்டன என்பது கவனிக்கத்தக்கது. பின்லாந்து 1938 முதல் துணியும் படுக்கையும் அடங்கிய பெட்டியைத் தாய்மார்களுக்குக் கொடுத்துவருகிறது. குழந்தை பிறக்கும் முன்பே கொடுத்துவிடுகிறது. ஆனால் நான்காம் மாதம் முடிவதற்குள் மருத்துவப் பரிசோதனைக்கு வந்திருக்க வேண்டும் என்று 1940களிலேயே நிபந்தனை வைத்தது. தமிழ்நாட்டில் 2015இல் தொடங்கிய அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்கள்: துண்டு, சட்டை, படுக்கை, கொசுவலை, நகவெட்டி, கைகழுவும் திரவம், கிலுகிலுப்பை. தாய்க்கென்று சௌபாக்கிய சுண்டி லேகியமும் அதில் இருந்தது. கடைப் பட்டியல்கள் மறந்த தாயை அரசுப் பெட்டகம் மறக்கவில்லை என்பதைப் பாராட்ட வேண்டும். அது கைக்கு வந்ததோ அரசு ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்த பிறகு. நம் விலக்கை மீறாமலே ஏழைக் குடும்பத்தின் முதல் வாரத் தேவையை அது தீர்த்துவைத்தது. பிறப்பதற்கு முந்தைய தயாரிப்புக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள மகப்பேறு உதவித் திட்டம் இருக்கிறது. அதன் 18,000 ரூபாயில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வரும். கர்ப்பத்தின் 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். பின்லாந்தின் நிபந்தனையில் இருந்த அதே புத்தி இதிலும் இருக்கிறது. பெட்டியும் பணமும் முக்கியம்தான், அவற்றைவிடத் தாயைச் சீக்கிரமே செவிலியரின் கண்பார்வைக்குள் கொண்டுவருவது முக்கியம்.

காகிதங்களையும் இந்தத் தயாரிப்பில் சேர்க்க வேண்டும். கர்ப்பப் பதிவின்போது கிடைக்கும் பிக்மி எண்ணைத் தேடிப் பிரசவ வார்டில் கைப்பேசியைத் துழாவும் கணவன்மார் இன்னும் இருக்கிறார்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும்; பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம்.

என் முடிவு இது: வாங்குவதைத் தள்ளிவைக்கும் வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம். பயந்திருக்கும் மனத்துக்கு அது ஆறுதல் தருகிறது, பணத்தையும் மிச்சப்படுத்துகிறது. ஆனால் ஒரு காலத்தில் தாய்வீடு தானாகச் செய்துவைத்திருந்ததை இன்று யாராவது உட்கார்ந்து யோசித்துத்தான் செய்ய வேண்டும், அந்த யாராவது கர்ப்பிணியாக இருக்கக் கூடாது. வளைகாப்புக்கு எல்லோரும் கூடுகிறோம். சாப்பிட்டு முடித்துக் கலையும் முன் சம்பந்தி வீட்டாரும் கணவனும் ஒரு பத்து நிமிடம் உட்காருங்கள். முதல் நாற்பது நாளில் எந்த இரவு யார் விழித்திருப்பது என்பதை அங்கேயே முடிவு செய்துவிட்டு எழுந்திருங்கள்.