டொனமூர் அறிக்கையும் மக்கள் குரலும்

சட்டம் வகுக்குமுன் ஆள்வோர் மக்களின் கருத்தை அறிதல் வேண்டும் என்பதை எவரும் மறுக்கார். ஆயின், அக்கருத்தை யாரிடம் கேட்பது, கேட்டதை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் வினாக்களுக்கு விடை காண்டல் எளிதன்று. இவற்றை ஆராய்தற்கு 1928ஆம் ஆண்டில் வெளிவந்த டொனமூர் அறிக்கை தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

டொனமூர் பிரபுவின் தலைமையில் நால்வர் அடங்கிய ஆணைக்குழு 1927 நவம்பரில் இலங்கையை அடைந்து, ஏறக்குறைய இரண்டு மாதம் தங்கிச் சாட்சியங்களைக் கேட்டது. அந்நாளில் வாக்குரிமை பெற்றிருந்தோர் குடிசனத்தில் நூற்றுக்கு நால்வர் அளவினரே. கல்வியாலும் சொத்தாலும் வருமானத்தாலும் வரையறுக்கப்பட்ட அவ்வுரிமை ஆடவர்க்கு மட்டுமே உரியதாயிருந்தது. குழுவின்முன் தோன்றியோருட் பெரும்பாலார் இவ்வரம்புக்குள் நின்றவர்கள். இலங்கைத் தேசிய காங்கிரஸ் தலைவர்கள் வரையறுத்த வாக்குரிமையையே விரும்பினர். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். அதனை வேண்டி நின்றோருள் ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தினர் முதன்மையானவர்.

சாட்சிகளின் தொகையை மட்டும் எண்ணியிருப்பின் பழைய நிலையே நீடித்திருக்கும். குழுவினர் அவ்வாறு செய்திலர். தொழிலாளர் நலச் சட்டங்களும் வறியோர்க்கு உதவும் ஏற்பாடுகளும் இந்நாட்டிற் பின்தங்கியிருந்தமையை அவர்கள் கண்டனர். ஏழையின் வாக்கை நாடவேண்டிய தேவை ஆள்வோர்க்கு இல்லாமையே இதற்குக் காரணம் என உணர்ந்தனர். வந்து பேசியவர்களின் சொல்லோடு, வர இயலாதவர்களின் வாழ்க்கையையும் அவர்கள் சான்றாகக் கொண்டமையே அறிக்கையின் தலையாய சிறப்பு. ஆடவர்க்கு 21 வயதும் பெண்டிர்க்கு 30 வயதும் என அவர்கள் விதந்துரைத்தனர். நடைமுறையில் இருபாலார்க்கும் 21 வயதே விதிக்கப்பட்டது.

எனினும், இச்சிறப்பு இறுதிவரை நிலைக்கவில்லை. ஐந்தாண்டு வதிவுடையோர்க்கு வாக்குரிமை அளிக்கலாம் என்ற பரிந்துரை, தோட்டத் தொழிலாளரான இந்தியத் தமிழரைக் குறித்து எழுந்த எதிர்ப்பினால் மாற்றப்பட்டது. நிரந்தரக் குடியிருப்புப் பற்றிய நிபந்தனைகள் புகுத்தப்பட்டன. குரலற்றோர்க்காக எழுந்த திட்டம், அவருள்ளும் மிக எளிய ஒரு சாராரைப் பொறுத்தவரை குறுகியது. அம்மாற்றத்தை வற்புறுத்தினோர்க்குச் சட்டநிரூபண சபையில் இடமிருந்தது. மாற்றத்தாற் பாதிக்கப்பட்டோரிற் பெரும்பாலார்க்கு ஒரு வாக்கேனும் இருந்ததில்லை.

மற்றொரு குறையும் உண்டு. மக்கள் சாட்சி கூறலாம்; தம் அரசியலமைப்பைத் தாமே ஆக்கும் உரிமை அவர்க்கில்லை. 1929 டிசம்பரிற் சட்டநிரூபண சபை 19க்கு 17 என்னும் வாக்குகளால் அத்திட்டத்தை ஏற்றது. பூரண சுயாட்சி வழங்கப்படாமையைக் கண்டித்து யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு கோரியது. வடக்கின் நான்கு தொகுதிகள் 1934 வரை பிரதிநிதிகளின்றி இருந்தன. அப்பகிஷ்காரம் அறிவுடையதோ என்பது வேறு வினா. ஆயினும், கேட்டுவிட்டுப் பிறர் முடிவு செய்யும் முறை மக்களின் முழுச் சம்மதத்தைப் பெறாது என்பதை அது காட்டிற்று.

ஆகவே, ஓர் ஆணைக்குழுவின் அறிக்கையை ஆராய்வோர், எத்தனை சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர் என்பதோடு அமைதல் ஆகாது. வாராதார் யாவர், அவர் வாராமைக்குக் காரணம் யாது, முடிவெடுக்குங்கால் அவர்க்கு இடமுண்டோ என்பவற்றையும் வினாவுதல் வேண்டும். முதல் இரு வினாக்களுக்கும் டொனமூர் அறிக்கை வாக்குரிமைத் துறையிற் சிறந்த விடை தந்தது. மூன்றாவதற்கு அது விடை தரவில்லை.