முள்கம்பி வாங்குமுன்: நான்கு சுருள்கள், நேரடிச் சோதனை

முள்கம்பி வாங்கப் போகிறவர் கடையில் முதலில் தொட்டுப் பார்ப்பது முள்ளைத்தான். விரல் நுனியில் சுருக்கென்று குத்தினால் திருப்தி. அடுத்த கேள்வி கிலோ என்ன விலை என்பது. ஆனால் வேலி எத்தனை வருஷம் நிற்கும் என்பதற்கும் முள்ளின் கூர்மைக்கும் சம்பந்தமில்லை. முள்ளைத் தாங்கி ஓடும் இரண்டு லைன் கம்பிகளின் கனமும், அவற்றின் மேல் ஏறியிருக்கும் துத்தநாகத்தின் அளவும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. இந்த இரண்டையும் விவசாயியே சோதித்துப் பார்த்துவிட முடியும்.

காங்கேயம் பக்கம் ஆடும் மாடும் மேயும் ஒரு தோட்டத்துக்கு வேலி போட வேண்டியிருந்தது. அதற்காக நான்கு வகைச் சுருள்களை வாங்கி, அளந்து, வளைத்து, இழுத்துக் கட்டிப் பார்த்தோம். முதலாவது, லைன் கம்பியும் முள்ளும் 14 கேஜாக, கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 14-க்கு 14. இரண்டாவது, லைன் கம்பி 12 கேஜும் முள் 14 கேஜுமாக, கனத்த ஜிஐ (துத்தநாகப்) பூச்சு கொண்டது. மூன்றாவது, 1.6 மி.மீ. உயர் இழுவிசைக் கம்பியில் மாற்று முறுக்குப் போட்டது. நான்காவது, கன்செர்டினா என்று விற்கப்படும் பிளேடு கம்பிச் சுருள்.

வடிவமைப்பு: 1874-இல் தீர்ந்த சிக்கல்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து டிகால்ப் ஊரில் விவசாயம் பார்த்தவர் ஜோசப் கிளிடன். மரம் குறைந்த புல்வெளிகளில் மாடுகளைத் தடுக்க ஒற்றைக் கம்பி போதவில்லை. முள் வைத்த கம்பிகளுக்கு அவருக்கு முன்பே சிலர் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். ஆனால் வெறுமனே சுற்றிவிட்ட முள் கம்பி மேல் நகரும், சுழலும். மாடு உரசினால் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். கிளிடன் முள்ளை ஒரு கம்பியில் சுற்றி, இரண்டாவது கம்பியை அதோடு சேர்த்து முறுக்கினார். அந்த முறுக்கு முள்ளை அசையவிடாமல் பிடித்துக்கொண்டது. 1874 நவம்பர் 24 அன்று அவருக்குக் கிடைத்த காப்புரிமையின் எண் 157,124. அதன் மேல் பல ஆண்டுகள் வழக்குகள் நடந்தன. 1892-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிளிடனின் பக்கம் தீர்ப்பளித்தது.

இரட்டைக் கம்பி முறுக்கால் இன்னொரு நன்மையும் உண்டு. வெயிலில் எஃகு நீளும். 30 டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கு 100 மீட்டர் கம்பி ஏறத்தாழ 3.6 செ.மீ. கூடுகிறது. ஒற்றைக் கம்பி பகலில் தொங்கி, இரவில் விறைத்து, கட்டிய இடத்தில் தளர்ந்துபோகும். முறுக்கிய கம்பிக்குக் கொஞ்சம் நெகிழ்வு இருப்பதால் இந்த நீட்சியில் ஒரு பங்கை அது தன்னுள்ளேயே வாங்கிக்கொள்கிறது.

முள்கம்பிக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 278-இல் இன்றைக்கும் கிளிடன் பெயரில் ஒரு வகை இருக்கிறது: ஒரே லைன் கம்பியைச் சுற்றிய முள். இன்னொன்று அயோவா வகை. அதில் முள் இரண்டு லைன் கம்பிகளையும் சேர்த்துச் சுற்றியிருக்கும். சோதித்த முள்கம்பிகள் மூன்றும் அயோவா வகை, முள்ளுக்கு நான்கு முனை. குறடால் முள்ளைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தோம். 12-க்கு 14 கம்பியில் அசையவில்லை. 14-க்கு 14-இல் சில முட்கள் விரல் அகலத்துக்கு நகர்ந்தன. முறுக்கு தளர்வாகப் போட்டிருப்பதன் அடையாளம் அது.

தயாரிப்பு: தரம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது

ஆலைக்குள் வருவது பெரும்பாலும் 5.5 மி.மீ. கனமுள்ள எஃகுக் கம்பிச் சுருள். மேலே படிந்த கருப்புச் செதிலை நீக்கியபின், டங்ஸ்டன் கார்பைடு அச்சுகளின் துளை வழியே ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து மெல்லிதாக்குகிறார்கள். இழுக்க இழுக்கக் கம்பி கெட்டிப்படும். சாதாரண வேலிக் கம்பியைச் சூடாக்கி மறுபடி இளக்குவார்கள். உயர் இழுவிசைக் கம்பியில் கரிமம் கூடுதல். கெட்டித்தன்மையை அதில் விட்டுவைப்பார்கள்.

அடுத்தது துத்தநாகத் தொட்டி. கம்பி அமிலத்தில் சுத்தமாகி, உருகிய துத்தநாகத்துக்குள் சுமார் 450 டிகிரியில் முங்கி எழுகிறது. எழும்போது மேலே ஒட்டியதை எவ்வளவு வழித்துவிடுகிறார்கள் என்பதில்தான் விலை வேறுபாடு ஒளிந்திருக்கிறது. இறுக்கி வழித்தால் பூச்சு மெல்லிது, பளபளப்பு அதிகம், செலவு குறைவு. நைட்ரஜன் வாயுவை ஊதிக் கட்டுப்படுத்தினால் கனமான பூச்சைச் சீராக நிறுத்தலாம். மின்முலாம் பூசும் முறையும் உண்டு; அதில் பூச்சு மிக மெல்லிது. ஆகவே கடையில் பளபளப்பைப் பார்த்து வாங்குவது ஆபத்து. எங்கள் சுருள்களில் அதிகம் மின்னியது முதலில் துருப்பிடித்தது.

கடைசியில் முள் எந்திரம். இரண்டு லைன் கம்பிகள் நேராக ஓட, பக்கத்திலிருந்து வரும் முள்ளுக்கான கம்பியை எந்திரம் சுற்றிச் சாய்வாக வெட்டுகிறது. அந்தச் சாய்வு வெட்டுதான் கூர்முனை. வெட்டிய முகத்தில் பூச்சு இருக்காது என்பதால் முனை சீக்கிரம் பழுப்பேறும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். சுற்றியிருக்கும் துத்தநாகம் தான் கரைந்து அந்தச் சிறிய இடத்தைக் காக்கும். லைன் கம்பியில் துரு தெரிந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

சோதனை: வெர்னியர், தராசு, மயில்துத்தம்

12 கேஜ் என்றால் 2.64 மி.மீ., 14 கேஜ் என்றால் 2.03 மி.மீ. வெர்னியர் வைத்துப் பார்த்தபோது எங்கள் இரண்டாவது சுருள் கணக்குக்குச் சரியாக வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு கடையில் 12 கேஜ் என்று சொல்லித் தந்த துண்டு 2.4 மி.மீ.தான் இருந்தது. கால் மி.மீ.கூட இல்லாத அந்த வித்தியாசத்தால் கம்பியின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைகிறது. வலிமையும் அந்த அளவுக்குக் குறைகிறது.

எடைக் கணக்கு இன்னும் முக்கியம். 12 கேஜ் ஒற்றைக் கம்பி மீட்டருக்கு 43 கிராம், 14 கேஜ் 25 கிராம். முள்ளையும் சேர்த்து எடைபோட்டால், 12-க்கு 14 கம்பி கிலோவுக்கு 8 மீட்டரை ஒட்டியும், 14-க்கு 14 கம்பி 12 மீட்டரை ஒட்டியும் வருகிறது. கிலோ விலை ஒன்றாக இருக்கும்போது மெல்லிய கம்பி லாபம் போலத் தோன்றுவது இதனால்தான். அந்த லாபம் எத்தனை மழைக்காலம் நிற்கும் என்பதைப் பூச்சு சொல்லிவிடும்.

அதற்கு வீட்டிலேயே ஒரு வழி உண்டு. போர்டோ கலவைக்கு வாங்கும் மயில்துத்தம் போதும். ஆய்வகங்கள் செய்வதும் இதே அடிப்படையில்தான். 100 மி.லி. தண்ணீருக்கு 36 கிராம் கணக்கில் கண்ணாடிப் பாத்திரத்தில் கரைத்து, எண்ணெய்ப்பிசுக்கு நீக்கிய கம்பித் துண்டுகளை ஒரு நிமிடம் முக்கி எடுத்துக் கழுவித் துடைக்க வேண்டும். துத்தநாகம் இருக்கும்வரை கருப்புப் படிவு துடைத்தால் போய்விடும். அது தீர்ந்த இடத்தில் செம்பு சிவப்பாக ஒட்டிக்கொள்ளும். 14-க்கு 14 கம்பி முதல் முக்கிலேயே சிவந்துவிட்டது. 12-க்கு 14 கம்பியும் உயர் இழுவிசைக் கம்பியும் அடுத்தடுத்த முக்குகளைத் தாங்கின. கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். மீந்த கரைசலைக் கிணற்றுப் பக்கமோ மீன் குட்டைப் பக்கமோ கொட்டாதீர்கள்.

கனத்த பூச்சு என்று சொல்லத் தகுந்தது சதுர மீட்டருக்கு 240 கிராம் அளவில் இருக்கும். கனத்தில் அது ஏறத்தாழ 34 மைக்ரான். மலிவுக் கம்பியில் 40 கிராம் இருந்தால், 6 மைக்ரான்கூட வராது. ஐஎஸ்ஓ 9223 தரநூலின்படி, நடுத்தரமான காற்றில் துத்தநாகம் முதல் ஆண்டில் 0.7 முதல் 2.1 மைக்ரான் வரை கரைகிறது. உப்புக்காற்று படும் கடலோரம் போன்ற கடுமையான இடங்களில் 2.1 முதல் 4.2 வரை. இந்த வேகத்தை அப்படியே வைத்துக் கணக்குப் போட்டால், உள்நாட்டில் கனத்த பூச்சு 16 வருஷத்துக்குக் குறையாது. மெல்லிய பூச்சு மூன்றாவது வருஷத்திலேயே தீர்ந்துவிடலாம். நாகப்பட்டினம், ராமேஸ்வரம் பக்கம் மெல்லிய பூச்சுக் கம்பிக்குச் செலவழிப்பது பணத்தைக் காற்றில் விடுவதுதான்.

கட்டிப் பார்த்தபோது

பத்தடிக்கு ஒரு கல்லுக்கால், மூலைக் கால்களுக்கு இரு பக்கமும் துணைக்கால். ஆடு தலையை நுழைக்காமல் இருக்கக் கீழ் வரிசைகளை அரை அடி இடைவெளியில் நெருக்கமாகவும், மேலே போகப் போக அகலமாகவும் கட்டினோம்.

14-க்கு 14 கம்பி கைக்கு இளக்கமானது; கட்டுவது சுலபம். ஆனால் இழுவை கொடுத்ததும் நீண்டது, சீக்கிரம் தொங்கியது. 12-க்கு 14 கனமான சுருள். தூக்க இரண்டு பேர் வேண்டும். இழுத்துக் கட்டியபின் மாடு உரசியும் விறைப்பு குறையவில்லை. முடிச்சுப் போட்டுத் திருகும்போது பூச்சு செதில் செதிலாக உரியவும் இல்லை.

உயர் இழுவிசைக் கம்பி தனி ரகம். சதுர மி.மீ.க்கு 1,000 நியூட்டன் தாங்கும் எஃகில் செய்த 1.6 மி.மீ. இரட்டைக் கம்பி, கணக்குப்படி 410 கிலோ இழுவைக்கு நிற்கும். 450 நியூட்டன் எஃகில் செய்த 12 கேஜ் இரட்டைக் கம்பி 500 கிலோவுக்கு நிற்கும். ஐந்தில் நான்கு பங்கு வலிமையை மூன்றில் ஒரு பங்கு எடையை ஒட்டியே தந்துவிடுகிறது. ஒரே ஆள் சுருளை உருட்டிக்கொண்டு போகலாம். முறுக்கின் திசை மாறி மாறி வருவதால் வெட்டிய முனை தானே பிரிந்து சுழல்வதில்லை. ஒரே திசையில் முறுக்கிய கம்பியில் அந்தச் சுழற்சி கையையும் முகத்தையும் கிழிக்கக்கூடியது. குறை என்னவென்றால், கையால் முடிச்சுப் போட வளையாது. இழுவைக் கருவி கட்டாயம். இழுவையில் இருக்கும்போது வெட்டினால் பாய்ந்து வரும். மெல்லிய கம்பி என்பதால் துரு சிறிது தின்றாலும் வலிமை சட்டென்று குறையும். பூச்சில் சமரசம் செய்துகொள்ள இந்தக் கம்பியில் இடமே இல்லை.

எல்லாச் சுருளுக்கும் ஒரு எச்சரிக்கை: மழையில் நனைய, மண்ணில் கிடக்க விடாதீர்கள். வெள்ளைப் பொடி பூத்தால் வேலி ஏறும் முன்பே துத்தநாகம் கரையத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

பிளேடு கம்பி: தோட்டத்துக்கு வேண்டாம்

பிளேடு கம்பியின் தயாரிப்பு வேறு. சுமார் அரை மி.மீ. தகட்டை அழுத்த எந்திரத்தில் வெட்டிப் பிளேடு வரிசையாக்கி, 2.5 மி.மீ. உயர் இழுவிசைக் கம்பியைச் சுற்றி மடித்து இறுக்குகிறார்கள். பிறகு வளையங்களாகச் சுற்றி, அடுத்தடுத்த வளையங்களைக் கிளிப்பால் இணைக்கிறார்கள். இழுத்தால் விரிகிறது. பி.டி.ஓ. 22 என்ற வகையில் பிளேடின் நீளம் 22 மி.மீ. விற்கிறவர்கள் சொல்லும் நீளம்வரை இழுத்துவிட்டால் வளையம் சுருங்கி இடைவெளி பெருகும். அதனால் நீளக் கணக்கைக் குறைத்தே நம்புங்கள்.

குடோன் சுவர், துணை மின்நிலையம் போன்ற இடங்களில், ஆள் கைக்கு எட்டாத உயரத்தில், எச்சரிக்கைப் பலகையோடு வைத்தால் இது தன் வேலையைச் செய்யும். தோட்டத்து மட்டத்தில் வைக்கக் கூடாது. முள் குத்தும், குத்தினால் மாடு பின்வாங்கும். பிளேடு கிழிக்கும், மாட்டிக்கொண்ட உயிர் திமிறத் திமிற ஆழமாக இறங்கும். ஆட்டுக்குட்டிக்கும் நாய்க்கும் மானுக்கும் குழந்தைக்கும் அது வித்தியாசம் பார்க்காது. ஸ்பெயின் அரசே செயூட்டா, மெலில்லா எல்லை வேலிகளிலிருந்து இந்தப் பிளேடு சுருள்களை 2019 இறுதியில் அகற்றத் தொடங்கியது. எந்த முள்கம்பியிலும் மின்சாரம் பாய்ச்சுவதும் கூடவே கூடாது. சிக்கிய உயிர் விலகவே முடியாது.

தீர்ப்பு

14-க்கு 14 மலிவுக் கம்பி: ஓரிரு வருஷத் தற்காலிக வேலிக்கு மட்டும்.

12-க்கு 14 கனத்த பூச்சு: பெரும்பாலான தோட்டங்களுக்கு என் முதல் பரிந்துரை. முள்ளையும் 12 கேஜில் வாங்கினால் எடைதான் கூடும். வேலியின் ஆயுள் கூடாது.

உயர் இழுவிசை, மாற்று முறுக்கு: நீண்ட நேர்வரிசை வேலிக்கு, கருவியும் பழகிய ஆட்களும் இருந்தால் சிறந்த தேர்வு.

பிளேடு கம்பி: உயரமான மதில் மேல் தவிர வேறெங்கும் வேண்டாம்.

கொங்கு நாட்டின் மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளைத் தலைமுறைகளாகக் காத்துவரும் கிளுவை வேலியை இந்தக் கணக்கில் சேர்க்காமல் விட முடியாது. கம்பி வேலியை ஒட்டியே கிளுவைப் போத்தை நட்டுவிட்டால், கம்பியின் ஆயுள் முடிவதற்குள் உயிர்வேலி திரண்டுவிடும். அப்படிப் பார்த்தால், நல்ல பூச்சுக் கம்பிக்குக் கொடுக்கும் கூடுதல் காசு அந்தச் செடி வளர்வதற்கான அவகாசத்தையும் சேர்த்து வாங்குகிறது.

கடையில் பில் போடும்போது மூன்று விவரங்களை எழுதித் தரச் சொல்லுங்கள்: லைன் கம்பியின் கனம் மி.மீ.யில், சதுர மீட்டருக்குத் துத்தநாகம் எத்தனை கிராம், சுருளின் நீளம் எத்தனை மீட்டர். கேஜையும் கிலோவையும் மட்டும் சொல்லும் கடையில், முள் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் வாங்காதீர்கள். மூன்றையும் எழுதித் தருகிற கடைக்கு நம் விவசாயிகள் கூடிப் போகத் தொடங்கினால், மற்ற கடைகளும் எழுதித்தான் ஆக வேண்டும்.