குழிக்குள் கிடந்த பகை

விஞ்ஞானப் புனைகதை என்றால் நம்மவருள் பலர் முகஞ்சுளிப்பர். பறக்கும் தட்டும் பச்சை மனிதனும் சிறுவர்க்கு உரியவை, அவற்றை ஆராய்வது வீண்வேலை என்பது அவர்தம் எண்ணம். ஆசிரிய நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம், “வரலாற்று நாடகம் வரலாற்றைச் சொல்லும், சமூக நாடகம் சமூகத்தைச் சொல்லும், செவ்வாய்க்கிரகத்தார் நாடகம் எதைச் சொல்லும்?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. நூறு நாடகங்களைப் பட்டியலிடுவதினும் ஒன்றை எடுத்து ஆழ்ந்து பார்ப்பதே தக்க விடையாகும் எனக் கருதி, பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் பழைய நாடகம் ஒன்றை ஈண்டு எடுத்துக்கொள்கிறேன்.

‘குவாட்டர்மாஸும் குழியும்’ என்பது அதன் பெயர். நைஜல் நீல் எழுத, ருடால்ப் கார்ட்டியர் இயக்க, பி.பி.சி. நிறுவனம் 1958 டிசம்பர் 22 முதல் 1959 ஜனவரி 26 வரை திங்கட்கிழமைதோறும் ஆறு பகுதிகளாக ஒளிபரப்பியது. முன்பே எடுத்த சில படத்துண்டுகள் நீங்கலாக ஏனையவற்றை நடிகர்கள் அந்த அந்த இரவிலேயே நேரடியாக நடித்தனர். பேராசிரியர் குவாட்டர்மாஸ் என்னும் விஞ்ஞானியைத் தலைவராகக் கொண்ட நாடகங்களுள் இது மூன்றாவது. முன்னவை 1953-லும் 1955-லும் வந்தன. அந்நாளில் நம் பக்கத்தவர் இதைப் பார்த்திருக்க இயலாது. சிங்கப்பூருக்குத் தொலைக்காட்சி வந்ததே 1963 பிப்ரவரியில். மலேசியாவுக்கு அவ்வாண்டு டிசம்பரில். ஆயினும் ஆறு பகுதிகளும் அழியாமல் படச்சுருளில் தங்கியிருந்தமையால் இன்று நாம் முழுமையாகக் காண முடிகிறது. முதல் நாடகத்தின் ஆறு பகுதிகளுள் இரண்டே எஞ்சின என்பதை நினைக்கும்போது இதன் அருமை விளங்கும்.

கதை இலண்டனில் நைட்ஸ்பிரிட்ஜ் பகுதியில் ஒரு கட்டுமானக் குழியில் தொடங்குகிறது. தொழிலாளர் தோண்டும்போது விசித்திரமான மண்டையோடுகள் அகப்படுகின்றன. அவை ஐம்பது இலட்சம் ஆண்டுப் பழமையுடையவை என்கிறார் ரோனி என்னும் தொல்லுயிர் ஆய்வாளர். இன்னும் தோண்டினால் உலோகப் பொருள் ஒன்று தட்டுப்படுகிறது. எல்லாரும் அதை வெடிக்காத குண்டு என்று நினைத்து இராணுவத்தை அழைக்கின்றனர். அது குண்டன்று, விண்கலம். உள்ளே வெட்டுக்கிளி போன்ற உயிரினங்களின் உடல்கள் கிடக்கின்றன.

அந்தத் தெருவின் பெயரிலேயே நாடகாசிரியர் ஒரு நுட்பம் வைத்துள்ளார். ‘ஹாப்’ என்பது ஆங்கில நாட்டுப்புற வழக்கில் பேய்க்குரிய பழம்பெயர். புதிய பலகையில் ஒரு விதமாகவும், பக்கத்துப் பழைய பலகையில் வேறு விதமாகவும் எழுதியிருப்பதைக் குவாட்டர்மாஸ் காண்கிறார். அங்கிருந்து பழைய ஆவணங்களுக்குச் செல்கிறார். அந்நிலத்தை யாரேனும் கிளறிய காலமெல்லாம் அங்கே பேய்நடமாட்டச் செய்தி பதிவாகியிருக்கிறது. ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘ஊரும் பேரும்’ படித்தவர்க்கு இம்முறை புதியதன்று. ஊர்ப்பெயர் என்பது மறந்துபோன வரலாற்றின் எச்சம் என்ற அந்த ஆராய்ச்சி நெறியைத் திகில்கதைக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார் நீல்.

நிற்க. குண்டு என்று அவர்கள் நினைத்ததைச் சற்று எண்ணுக. இரண்டாம் உலகப் போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுகளே கடந்திருந்தன. அக்காலத்து இலண்டனில் எங்கே புதுக் கட்டடத்துக்குத் தோண்டினாலும் ஜெர்மானியக் குண்டு கிடைக்கலாம். ஆகவே முதற்பகுதியைப் பார்த்தவர்க்கு அது கற்பனையே அன்று. அவர்தம் தெருவில் நிகழ்ந்தது. கர்னல் பிரீன் என்னும் இராணுவ அதிகாரி இறுதிவரை அதை நாஜிகள் விட்டுச்சென்ற பொய்க்கருவி என்றே சாதிக்கிறார். கண்முன் பூச்சி உடல்கள் கிடக்கவும், அவையும் பீதி கிளப்ப ஜெர்மானியர் செய்த பொம்மைகள் என்கிறார். போன போரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வருகின்ற ஆபத்தைப் பார்ப்பவர் அவர். குவாட்டர்மாஸின் இராக்கெட் ஆய்வு நிலையத்தையும் இராணுவம் கைப்பற்ற முற்படுகிறது. நிலவிலே ஏவுகணைத் தளம் அமைப்பது அதன் திட்டம். ஸ்புட்னிக் வானில் ஏறியது 1957 அக்டோபர் 4-ஆம் நாள் என்பதை நினைவிற்கொண்டால், இது யாருக்குச் சொன்ன சொல் என்று விளங்கும்.

நாடகத்தின் உயிர்நாடியோ ஐந்தாம் பகுதியில் உள்ளது. மனத்தில் எழும் காட்சியைப் படமாகப் பதிக்கும் கருவி ஒன்று ரோனியிடம் இருக்கிறது. கலத்தின் தாக்கத்துக்கு உள்ளான பார்பரா ஜட் என்னும் உதவியாளரின் உள்ளத்திலிருந்து அக்கருவி ஒரு காட்சியைப் பதிவு செய்கிறது. செவ்வாயின் பூச்சியினம் தன் கூட்டத்தில் மாறுபட்டவற்றைத் தேடித் தேடிக் கொன்றுகுவிக்கும் காட்சி அது. அழிந்துகொண்டிருந்த அவ்வினம், பூமியின் வாலில்லாக் குரங்குகளைப் பிடித்து மாற்றியமைத்துத் தன் இயல்பை அவற்றுள் விதைத்துச் சென்றதாம். தம்மின் வேறானதை அழிக்கும் வெறியும் அவ்விதையுள் ஒன்று. அமைச்சரிடம் இப்படத்தைக் காட்டுகின்றனர், அவர் நம்பவில்லை. மக்களின் அச்சத்தைப் போக்கப் பத்திரிகையாளரை அழைத்த நாளில், குழிக்குள் சென்ற மின்கம்பியால் கலம் உயிர்பெறுகிறது. இலண்டன் மக்களுள் அவ்விதை விழித்தவர்கள், விழிக்காதவர்களை வேட்டையாடத் தொடங்குகின்றனர்.

இக்காட்சியை இயக்கிய கார்ட்டியர் யார்? 1904-இல் வியன்னாவில் பிறந்த யூதர். பெர்லினில் திரைத்துறையில் பணியாற்றி, ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் வெளியேறி இங்கிலாந்தில் குடியேறியவர். அவருடைய தாயார் நாஜிகளின் இனப்படுகொலையில் மாண்டார். பொம்மைப் பூச்சிகளைக் கொண்டு எடுத்த அக்காட்சி இன்றைய கண்ணுக்குச் சிறுபிள்ளை வேலையாகத் தோன்றும். எனக்கும் முதலில் சிரிப்பே வந்தது. எடுத்தவர் யார் என்று அறிந்தபின் சிரிக்க முடியவில்லை.

அவர்கள் அருகிலேயே மற்றொரு வரலாறு நிகழ்ந்திருந்தது. நாடகக் குழியிலிருந்து ஏறத்தாழ இரண்டு கல் தொலைவில் உள்ளது நாட்டிங் ஹில். 1948-இல் ‘விண்ட்ரஷ்’ கப்பல் வந்தது முதல் மேற்கிந்தியத் தீவினர் பலர் வேலை தேடி இங்கிலாந்துக்கு வந்து, இத்தகைய பகுதிகளில் வாடகைக்குக் குடியிருந்தனர். 1958 ஆகஸ்டு இறுதியில் வெள்ளை இளைஞர் கும்பல்கள் அவர்தம் வீடுகளைத் தாக்கின; கலவரம் செப்டம்பர் முதல் வாரம் வரை நீடித்தது. கலவரத்துக்குச் சற்று முன்னர் கறுப்பின மக்களை வழிமறித்து அடித்த ஒன்பது இளைஞர்க்கு, செப்டம்பரில் நீதிபதி சால்மன் ஆளுக்கு நான்காண்டுச் சிறை விதித்தார். நாடகம் தொடங்கியது அதற்கு மூன்று திங்களின் பின்னர்தான். கடைசிப் பகுதியில் நெருப்பும் ஓலமுமாகத் தெருக்களைக் கண்டவர்கள் எதை நினைத்திருப்பர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நம் இலக்கண நூலார் உள்ளுறை என்று ஒன்று வகுத்தனர். வெளிப்பொருள் தன்னளவில் முழுமையாக நிற்க, அதனூடே வேறொரு பொருள் கேட்பவன் நெஞ்சில் எழுவது அது. வெளிப்பொருள் நொய்ந்தால் உள்ளுறை கெடும். இவ்வளவுகோல் கொண்டு பார்த்தால் நீலின் வெற்றி புலப்படும். குழியில் கிடப்பது யாது என்னும் வியப்பே நம்மை முதல் மூன்று வாரம் இழுத்துச் செல்கிறது. நாட்டிங் ஹில்லை அறியாதவனும் இதில் திளைக்கலாம். அமெரிக்காவின் ‘ஸ்டார் டிரெக்’ 1969 ஜனவரியில் இதே பொருளைத் தொட்டது. வலப்பாதி கறுப்பும் இடப்பாதி வெளுப்புமாக ஒருவன், அதற்கு எதிர்மாறாக இன்னொருவன். இருவரும் ஓயாப் பகைவர். நோக்கம் உயர்ந்ததுதான். ஆனால் முகத்தில் சாயம் பூசிய அளவில் உட்பொருள் வெளியே வந்துவிடுகிறது. அதன்பின் ஆராய ஒன்றுமில்லை. 1964-இல் ‘டாக்டர் ஹூ’ நாடகத்தில் டாலெக்குகள் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின்மேல் உருண்டு வந்தது இதனினும் சிறந்தது. நடவாது போன ஜெர்மானியப் படையெடுப்பை அக்காட்சி நடத்திக் காட்டியது.

புகழ்ந்தது போதும். இந்நாடகத்தின்மேல் எனக்கொரு வலுவான தடை உண்டு. இனப்பகை ஐம்பது இலட்சம் ஆண்டுக்கு முன் அயற்கிரகத்தார் விதைத்தது என்றால், கல்லெறிந்தவனுடைய பொறுப்பு எங்கே போயிற்று? நாட்டிங் ஹில் பகைக்குக் காரணம் செவ்வாயில் இல்லை. இடிந்த வீடுகள், ஏறிய வாடகை, அங்கே இனவெறிப் பிரசாரம் செய்த ஆஸ்வால்ட் மோஸ்லியின் கட்சி என்று காரணங்கள் அண்மையிலேயே கிடந்தன. 1959 அக்டோபர்ப் பொதுத்தேர்தலில் அதே மோஸ்லி வட கென்சிங்டன் தொகுதியில் நின்று தோற்றார். நீதிபதி சால்மன் செயலைத் தண்டித்தார். நீலின் கதையோ செய்தவனைக் காட்டி, ‘இவன் செய்யவில்லை, இவனுள் இருக்கும் பூச்சி செய்தது’ என்று சொல்வதற்கு இடமளிக்கிறது. வரலாற்றை உயிரியலாக மாற்றிவிடும் இந்தப் பிழை பெரும்பிழை.

நாடகாசிரியர் இத்தடையை முன்னரே உணர்ந்திருந்தார் போலும். நாயகனான குவாட்டர்மாஸே அந்த வெறியில் அகப்படுகிறார். ரோனி அகப்படவில்லை, அவரே நண்பரை மீட்கிறார். பேய்க்கு இரும்பும் நீரும் ஆகா என்னும் பாட்டி கதையை நினைவுகூர்ந்து, இரும்புச் சங்கிலியொன்றை அப்பூதவுருவின்மேல் வீசித் தாமும் சாம்பலாகிறார். பரம்பரை எல்லாரையும் ஒருபடித்தாய் ஆளவில்லை என்பது இதனால் பெறப்படும். முடிவில் குவாட்டர்மாஸ் காமிராவை நேரே நோக்கி, வேட்டையும் கலவரமும் களையெடுப்பும் எங்கிருந்து வருகின்றன என்று வீட்டிலிருப்போர்க்கு உரைத்து, இதை அடக்காவிடின் இவ்வுலகும் பாழாகும் என்று எச்சரிக்கிறார். இப்பேச்சு நாடகத்தின் நயத்தைச் சிறிது குறைக்கிறது. என்றாலும், இந்த இடத்தில் நயம் குறைந்ததற்காக நான் வருந்தவில்லை.

தடையின் மறுபாதிக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. இனப்பகையைப் பற்றிய இந்நாடகத்தின் முதன்மைப் பாத்திரங்களுள் அப்பகைக்கு இலக்கான மேற்கிந்தியர் ஒருவரும் இலர். விஞ்ஞானி, கர்னல், அமைச்சர், பத்திரிகையாளர் என்று எல்லாரும் வெள்ளையர். அடிபட்டவர்கள் இன்றியே அடி பற்றிய ஆராய்ச்சி நடக்கிறது. வியப்பு என்னவெனில், கடைசிப் பகுதி ஒளிபரப்பான நான்காம் நாள், 1959 ஜனவரி 30-ஆம் தேதி, இலண்டன் செயின்ட் பாங்கிராஸ் நகர மண்டபத்தில் மேற்கிந்தியர் தம் நாட்டுக் களியாட்டு விழாவை ஆட்டமும் பாட்டுமாக நடத்தினர். கலவரத்துக்கு விடையாக அதனைக் கூட்டியவர் டிரினிடாடில் பிறந்த கிளாடியா ஜோன்ஸ் என்னும் பத்திரிகையாசிரியை. அவ்விழாவையும் பி.பி.சி. ஒளிபரப்பியது.