கோட்டைக்குப் பின்னால் ஒரு கிராமம்

பாங்காக் போகிற நம்மூர்க்காரர்கள் ராட்சத ஊஞ்சலைப் பார்க்காமல் வருவதில்லை. நம்ம மார்கழித் திருவெம்பாவை அங்கே ‘திரியம்பாவாய்’ சடங்காகி, அதற்காக நட்ட ஊஞ்சல் அது என்று கைடு சொன்னதும் ஒரு சிலிர்ப்பு. உடனே போட்டோ. அப்புறம் ஷாப்பிங்!

அங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் மகாகான் கோட்டை. 1783-ல், முதலாம் ராமா காலத்தில் கட்டியது. நகரைச் சுற்றியிருந்த 14 கோட்டைகளில் இன்றைக்கு மிச்சம் இரண்டு. அதில் இது ஒன்று.

அந்தக் கோட்டைச் சுவருக்கும் கால்வாய்க்கும் நடுவே, பழைய மர வீடுகளில், சுமார் 300 பேர் குடியிருந்தார்கள். பறவைக்கூண்டு செய்கிறவர், களிமண்ணில் முனிவர் பொம்மை பிடிக்கிறவர், தெருவில் சாப்பாடு விற்கிறவர் என்று தினுசு தினுசாக. இவர்களைப் பற்றி ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் ஹெர்ஸ்ஃபெல்ட் 2016-ல் எழுதிய புத்தகம், ‘சீஜ் ஆஃப் த ஸ்பிரிட்ஸ்’.

மாநகராட்சிக்கு அங்கே பூங்கா வேண்டும். 1992-ல் நிலம் எடுக்க ஆணை. 2003-ல் ‘காலி பண்ணுங்க’ என்று நோட்டீஸ். ஜனங்கள் தடுப்பு போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். கோர்ட் மாநகராட்சி பக்கம் பேசியது. நடுவில் அபிராக் என்ற கவர்னர் வந்து, பல்கலைக்கழகத்தை விட்டு ஆய்வு செய்யச் சொன்னார். கொஞ்ச நாள் நிம்மதி. பிறகு பழைய குருடி கதைதான்.

புத்தகத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு. ‘இது எங்க பாட்டன் சொத்து’ என்று அந்த மக்கள் வாதாடவில்லை. வாதாடவும் முடியாது. பலர் வேறு வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள். சிலர் நஷ்டஈட்டில் ஒரு பகுதியை வாங்கியும் விட்டார்கள். அவர்கள் சொன்னது: ‘இந்த வீடுகளையும் மரங்களையும் நாங்கதான் காப்பாத்திட்டு வர்றோம். பூங்கா போடுங்க, அதையும் நாங்களே பார்த்துக்கறோம்.’ அதற்கேற்றபடி தலைவர், கூட்டம், காவல், முன்னோர் வழிபாடு என்று சுவருக்குப் பின்னால் ஒரு குட்டி ராஜ்ஜியத்தையே நடத்தினார்கள். பாரம்பரியம் என்றால் செங்கல்லா, அதைச் சுற்றி வாழ்கிறவர்களா? தீர்மானிப்பது யார்? இந்தச் சண்டையை ஹெர்ஸ்ஃபெல்ட் அபாரமாகப் பிடித்திருக்கிறார்.

குறைகளும் உண்டு. பத்துப் பக்கத்துக்கு ஒருதரம் மானுடவியல் பாஷை வந்து கழுத்தைப் பிடிக்கிறது. ஆசிரியர் மக்கள் பக்கம் சாய்ந்தே எழுதுகிறார். மறைக்கவில்லை, அது நேர்மை. ஆனால் காமர்ஸ் படித்த புத்திக்கு வரவு செலவுக் கணக்கு இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. பூங்காவுக்கு எவ்வளவு? அவர்களை அங்கேயே வைத்துப் பராமரித்தால் எவ்வளவு?

இன்னொன்று, அவர் கையில் இல்லாதது. புத்தகம் வந்த வருஷமேதான் எல்லாம் தலைகீழானது. தாய்லாந்தில் மாகாண கவர்னர்களை உள்துறை அமைச்சகம் நியமிக்கும். ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற கவர்னர் பாங்காக்குக்கு மட்டும்தான். 2014 ராணுவப் புரட்சிக்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல்கள் நின்றுபோயின. 2016 அக்டோபரில் பாங்காக்கின் கவர்னரையும் தூக்கிவிட்டு, போலீஸ் அதிகாரியாக இருந்த அஸ்வினை உட்கார வைத்தார்கள். ஓட்டுக் கேட்டு வராதவருக்கு 300 பேர் கோபம் ஒரு பொருட்டா என்ன? 2018 ஏப்ரலில் கடைசிக் குடும்பங்களும் வெளியேறின. வீடுகள் போய், புல்வெளி வந்தது. அடுத்த கவர்னர் தேர்தல் நடந்தது 2022 மே மாதம்தான்.

ஆகவே, கடைசி அத்தியாயத்தில் தெரிகிற கொஞ்ச நஞ்ச நம்பிக்கையை இந்தத் தேதிகளோடு சேர்த்துப் படியுங்கள். மானுடவியல் தத்துவம் அலுத்தால் தாண்டிப் போங்கள், பரவாயில்லை. ஜனங்கள் கூட்டம் போட்டுப் பேசுகிற பக்கங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள்.